பழைய கார் ரேடியோ எப்படிப் பாடியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார்களில் இருக்கும் ரேடியோக்களைப் பழுதுபார்ப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வால்வு (மின்சைகையைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ரேடியோ, டிரான்சிஸ்டர் ரேடியோ, 8-டிராக் என்ற நாடாப் பெட்டி, கேசட் என்று எது மேசைக்கு வந்தாலும், கொண்டுவருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டு ரேடியோவையே காரில் வைத்திருக்கலாமே, காருக்கென்று தனி ரேடியோ எதற்கு?

வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. ரேடியோவுக்குப் பிடிக்காதவை அத்தனையும் காரில் உண்டு. அந்தக் காலத்துக் கார் பேட்டரியில் இருந்தது 6 வோல்ட். வால்வுகளுக்கு வேண்டியதோ 200 வோல்ட்டுக்கு மேல். ஸ்பார்க் பிளக்குகள் ஓயாமல் பொறி கக்கி அலைவரிசை முழுவதையும் இரைச்சலால் நிரப்புகின்றன. சாலையின் குலுக்கலில் பாகங்கள் இடம் பெயர்கின்றன. வண்டி நகர நகர அலையின் வலிமை ஏறி இறங்குகிறது. வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடு, அதிகாலையில் குளிர்.

பழைய கார் ரேடியோவைத் திறந்து பார்க்கும்போது, ஒவ்வொரு பாகமும் இந்தத் தொல்லைகளில் ஏதோ ஒன்றுக்கான பதிலாக இருப்பது தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும்.

6 வோல்ட் பேட்டரியிலிருந்து 200 வோல்ட்டுக்கு மேல் எப்படி எடுத்தார்கள்?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது.

1930-ஐ ஒட்டிய முதல் ரேடியோக்களில் இதற்கு எளிய வழியே இருந்தது. உயர் மின்னழுத்தம் தரும் உலர் பேட்டரிகளைப் பெட்டியாக அடுக்கிக் காரின் தரைப்பலகைக்கு அடியில் வைத்தார்கள். அவை தீர்ந்தால் புதிது வாங்க வேண்டும். செலவும் அதிகம், தொல்லையும் அதிகம்.

வீட்டு மின்சாரம்போல மாறுதிசை மின்னோட்டம் இருந்தால் டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டை உயர்த்திவிடலாம். கார் பேட்டரி தருவதோ நேர்மின்னோட்டம். அது டிரான்ஸ்பார்மரில் வேலை செய்யாது. அந்த மின்னோட்டத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டித் திசை மாற்றி அனுப்பினால்? அந்த வேலையைச் செய்ததுதான் வைப்ரேட்டர்.

விரல் நீளத்துக்கு ஓர் அலுமினிய உருளை; அடியில் வால்வைப்போலவே ஊசிகள் இருக்கும், சாக்கெட்டில் செருகிக் கழற்றலாம். மூடியை வெட்டித் திறந்தால் முதலில் தட்டுப்படுவது சத்தத்தை அடக்க வைத்த ரப்பர் பஞ்சு. அதற்குள் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று, அதன் தலைப்பில் சிறிய மின்காந்தம், இரு பக்கமும் டங்ஸ்டன் தொடுமுனைகள். மின்சாரம் வந்ததும் காந்தம் நாக்கை இழுக்கும். இழுத்த கணமே தொடுமுனை மாறிக் காந்தம் வலுவிழக்கும். நாக்கு திரும்பிப் பாய்ந்து மறுபக்கத் தொடுமுனையைத் தொடும். மின்சார மணியின் கதைதான். அமெரிக்க ரேடியோக்களில் பொதுவாக நொடிக்கு 115 தடவை இது நடக்கும். பேட்டரி மின்சாரம் டிரான்ஸ்பார்மரின் முதன்மைச் சுருளின் ஒரு பாதியில் ஒருமுறை, மறுபாதியில் ஒருமுறை என மாறி மாறிப் பாயும். மறுபக்கச் சுருளில் இருநூறு, இருநூற்றைம்பது வோல்ட் கிடைக்கும். அதை ஒரு வால்வு மீண்டும் நேர்மின்னோட்டமாக்கும். சில வைப்ரேட்டர்களில் இரண்டாவது ஜோடித் தொடுமுனைகளே அந்த வேலையையும் செய்துவிடும்.

ரேடியோவைப் போட்டதும் பாட்டு வருவதற்கு முன் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும் அல்லவா? அந்த நாக்கின் குரல்தான் அது. அது சீராகக் கேட்டால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள்.

வைப்ரேட்டரை மாற்றினேன். சில வாரங்களில் புதியதும் போய்விட்டதே?

குற்றம் பெரும்பாலும் வைப்ரேட்டருடையதாக இருக்காது. டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்ட் பக்கத்தில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பாகமான சிறிய கண்டன்சர் ஒன்று குறுக்கே நிற்கும். பஃபர் கண்டன்சர் என்பார்கள். தொடுமுனை விலகும் கணத்தில் எழும் மின்னழுத்த உதையை உள்வாங்கிக்கொள்வது அதன் வேலை. அது கெட்டுப்போனால் தொடுமுனைகளில் பொறி பறந்து, அவை கருகி ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கத்தில் நானும் ஒரே ரேடியோவுக்கு மூன்று வைப்ரேட்டர்களைப் பலிகொடுத்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். வால்வு ரேடியோ எதுவாக இருந்தாலும் பஃபர் கண்டன்சரை முதலில் மாற்றுங்கள். பழையது காட்டும் அதே மதிப்பில், 1600 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். மதிப்பை மனம்போல மாற்றக்கூடாது. டிரான்ஸ்பார்மருக்கும் நாக்கின் வேகத்துக்கும் பொருந்தும்படி கணக்கிட்டு வைத்தது அது.

வால்வுகளில் 6.3 வோல்ட் என்று ஏன் போட்டிருக்கிறது?

காருக்காகத்தான். ஈய-அமில பேட்டரியின் ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். மூன்று அறைகள் சேர்ந்தால் 6.3. வால்வின் இழையை நேராகக் கார் பேட்டரியில் எரியவிடலாம் என்பதற்காக வந்த எண் பிறகு வீட்டு ரேடியோக்களுக்கும் பரவி நிலைத்துவிட்டது. இழை சூடாக அரை நிமிடம்வரை பிடிக்கும். போட்டவுடன் பாடாததற்குக் காரணம் அதுவே.

முதல் கார் ரேடியோவைச் செய்தவர் யார்?

தனி மனிதர்கள் 1920-களிலேயே கார்களில் ரேடியோவைப் பொருத்தியிருந்தார்கள். எனவே 'முதல்' என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். வியாபாரமாக வென்றது 1930-இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் கொண்டுவந்த 5டி71. பால் கால்வின் தன் ஸ்டுடிபேக்கர் காரில் ஒன்றைப் பொருத்திக்கொண்டு, ரேடியோ உற்பத்தியாளர்கள் கூடிய அட்லாண்டிக் சிட்டிக்கு ஓட்டிச் சென்றார். உள்ளே கடை போட இடமில்லை. வெளியே வண்டியை நிறுத்திப் பாடவிட்டுப் போகிறவர் வருகிறவரிடம் ஆர்டர் பிடித்தார். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் மோட்டோரோலா. பின்னாளில் நிறுவனத்தின் பெயரே அதுவாயிற்று. அதை உருவாக்க உதவியவர்களில் ஒருவர் வில்லியம் லியர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

ஐரோப்பாவில் 1932-இல் ஜெர்மன் நிறுவனமான புளாபுங்க்ட்டின் ஏ.எஸ்.5 ரேடியோ வந்தது. பெட்டி பெரியது, டாஷ்போர்டில் அடங்காது. அதனால் ரேடியோவை வேறிடத்தில் வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை மட்டும் ஸ்டியரிங் தண்டில் பொருத்தி, இரண்டையும் கம்பிவடத்தால் இணைத்தார்கள். விலை அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 465 ரைஷ்மார்க். ஒரு காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இஞ்சினை ஓட்டினால் கரகரவென்று இரைகிறது. எங்கிருந்து வருகிறது?

ரேடியோ வரலாற்றின் முதல் ஒலிபரப்பிகள் மின்பொறியால்தான் இயங்கின. உங்கள் இஞ்சினின் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் அப்படி ஒரு சிறிய ஒலிபரப்பி. பிளக்குக்குப் போகும் வயரில் 10,000 ஓம் அளவில் ஒரு மின்தடையைச் சேர்த்தால் பொறி கெடாது, ஆனால் அது எழுப்பும் அலை வெகுவாக அடங்கும். பிற்காலத்தில் வயரின் உட்கம்பியையே கரியிழையால் செய்து தனி மின்தடைக்குத் தேவையில்லாமல் செய்துவிட்டார்கள்.

சத்தத்தைக் கேட்டே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இஞ்சின் வேகத்தோடு 'டிக் டிக்' என்று விரைந்தால் பொறி. ஊளையிடுவதுபோல ஏறி இறங்கினால் டைனமோ. அதன் மேல் அரை மைக்ரோபாரட் கண்டன்சர் ஒன்றைப் போட்டால் குறையும். இஞ்சினை நிறுத்தி வண்டியை உருளவிட்டபோதும் இரைந்தால்? முன்சக்கரங்கள்தான் காரணம். டயர் உருளும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. கிரீஸ் பூசிய பேரிங்கைத் தாண்டி அது சரிவர இறங்க முடியாமல் தத்தித் தத்திப் பாயும்போது இரைச்சல் எழும். சக்கரத்தின் கிரீஸ் மூடிக்குள் கூம்பு வடிவில் ஒரு சிறிய ஸ்பிரிங்கை வைத்து அதற்குத் தொடர்ச்சியான வழி கொடுத்தார்கள். பழைய கார்களைப் பிரிப்பவர்கள் இந்த ஸ்பிரிங் எதற்கென்று தெரியாமல் வீசிவிடுகிறார்கள். தயவுசெய்து வீசாதீர்கள்.

ஆண்டெனா எங்கே இருந்தது? அதன் அருகே ஒரு திருகு எதற்கு?

தொடக்கக் காலத்தில் காரின் கூரையில் துணியும் மரமும் இருந்ததால், கம்பிவலையைக் கூரைக்குள்ளேயே மறைத்துவைத்தார்கள். 1930-களின் நடுவில் கூரை முழுதும் எஃகாக மாறியதும் உள்ளிருக்கும் கம்பிக்கு அலை எட்டவில்லை. ஆண்டெனா காலடிப் பலகைக்குக் கீழே போயிற்று. அங்கே சேறும் கல்லும் அடித்தன. கடைசியில் வெளியே நீட்டிய கம்பியே நிலைத்தது.

ரேடியோவின் பக்கவாட்டில் ஆண்டெனா வயர் நுழையும் இடத்தருகே இருக்கும் திருகுக்குப் பெயர் டிரிம்மர். வயரின் மின்தேக்கத் திறனும் முதல் ட்யூனிங் சுற்றின் ஒரு பகுதி. ஆண்டெனாவோ வயரோ மாறினால் பொருத்தம் குலைந்துவிடும். மத்திய அலையில் 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே மிக மெலிதாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, சத்தம் உச்சத்தைத் தொடும்வரை திருகைத் திருப்புங்கள். ஒரு நிமிட வேலை. 'ரேடியோ செத்துவிட்டது' என்று என்னிடம் வந்த சில பெட்டிகள் இந்த ஒரு நிமிடத்தில் பிழைத்திருக்கின்றன.

ஊர் மாறினாலும் சத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறதே?

வந்து சேரும் அலையின் வலிமையை ரேடியோ தானே அளந்து, முன்னால் இருக்கும் வால்வுகளின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறது. நிலையத்தை நெருங்கினால் கடிவாளம் இறுகும், விலகினால் தளரும். வீட்டு ரேடியோவிலும் இது உண்டு என்றாலும் காருக்குத்தான் உயிர்நாடி. ஆண்டெனாவுக்கு அடுத்து கூடுதலாக ஒரு பெருக்கி நிலையும் கார் ரேடியோவில் இருக்கும். பாலத்துக்கு அடியில் புகுந்தால் இவை எதுவும் உதவாது. மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், அந்த இரும்புக் கூண்டுக்குள் அது நுழையாது.

பொத்தானை அழுத்தினால் முள் சரியான நிலையத்தில் போய் நின்றது எப்படி?

முழுக்க முழுக்க இயந்திர வேலை. மின்சாரத்துக்கு இதில் பங்கே இல்லை.

முதலில் ட்யூனிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு ரேடியோவில் அலுமினியத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று சுழன்று நுழையும் கண்டன்சர் இருக்கும். குலுங்கினால் தகடுகள் அதிரும், நிலையம் நகரும். அதனால் கார் ரேடியோவில் தகடுகளைக் கைவிட்டு, இரும்புப் பொடியை அழுத்திச் செய்த பென்சில் போன்ற தண்டுகளைச் சுருள்களுக்குள் நுழைத்து இழுக்கும் முறைக்கு மாறினார்கள். மூன்று சுருள், மூன்று தண்டு, அனைத்தும் ஒரே சட்டத்தில். சட்டம் முன்னும் பின்னும் போனால் நிலையம் மாறும்.

இப்போது பொத்தானுக்கு வருவோம். ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு சிறிய உலோகத் தகடு, எந்தக் கோணத்திலும் திரும்பி நிற்கக்கூடியது. பிடித்த நிலையத்தைக் கையால் வைத்துக்கொண்டு, பொத்தானை வெளியே இழுத்தால் தகட்டின் பூட்டுத் தளரும். முழுதாக உள்ளே அழுத்தினால் அப்போதைய சட்டத்தின் நிலைக்கேற்பத் தகடு சாய்ந்து, அந்தச் சாய்விலேயே பூட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே பொத்தானை அழுத்தும்போது அந்தச் சாய்வு சட்டத்தை அதே இடத்துக்குத் தள்ளும். அழுத்தும் நேரத்தில் மட்டும் ட்யூனிங் குமிழியின் பிடியை ஒரு கிளட்ச் விடுவித்துக்கொள்ளும்.

பேட்டரியைக் கழற்றி இருபது ஆண்டு கழித்து மாட்டினாலும் அந்த நினைவு அழியாது. ஒருமுறை நெடுங்காலம் கிடந்த ரேடியோவில் ஐந்து பொத்தான்களையும் வரிசையாக அழுத்திப் பார்த்தேன். ஐந்து இடங்களில் முள் நின்றது. யாரோ ஒருவர் விரும்பிக் கேட்ட ஐந்து நிலையங்கள்.

முள் தானாக ஓடி நிலையம் தேடும் ரேடியோக்களும் இருந்தனவாமே?

ஆம். ஜெர்மனியின் பெக்கர் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த மெக்சிகோ மாடல் புகழ்பெற்றது. அமெரிக்காவில் டெல்கோவின் 'ஒண்டர் பார்' இருந்தது. முகப்பில் உள்ள பட்டையை அழுத்தினால் சட்டம் மெல்ல நகரும். போதிய வலிமையுள்ள அலை வந்ததும் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச் விழுந்து பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். மின்னணுக் கணக்கீடு எதுவுமில்லாத காலத்தில் இதைச் செய்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முள்ளைப் பற்றிப் பேசும்போது ஒன்று: 1950-களின் அமெரிக்க ரேடியோக்களில் 640, 1240 ஆகிய இரு இடங்களில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அணுத் தாக்குதல் நேர்ந்தால் மக்கள் திருப்ப வேண்டிய அலைவரிசைகள் அவை. 1963-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. குறி இருந்தால் ரேடியோவின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

டிரான்சிஸ்டர் வந்ததும் என்ன மாறியது?

வைப்ரேட்டர் ஓய்வுபெற்றது. ஆனால் ஒரே நாளில் அல்ல. 1950-களின் நடுவில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. டிரான்சிஸ்டர்களால் அப்போது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வேலையை நன்றாகச் செய்ய முடிந்தது. ஆண்டெனா பக்கத்தின் உயர் அதிர்வெண் வேலைக்கு விலை மலிவான டிரான்சிஸ்டர் இல்லை. எனவே 12 வோல்ட்டிலேயே இயங்கும் தனி வால்வுகளைச் செய்து முன்னே வைத்து, கடைசியில் ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைப் போட்டார்கள். 1956 முதல் 1960-களின் தொடக்கம்வரை இந்தக் கலப்பு ரேடியோக்கள் ஓடின. ரீங்காரம் இல்லை, ஆனால் சூடாகக் காத்திருக்க வேண்டும். முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன முதல் கார் ரேடியோவை பில்கோவும் கிரைஸ்லரும் 1955-இல் அறிவித்தன. விலை 150 டாலர். அது விலையுயர்ந்த கார்களுக்கு மட்டுமே எட்டியது.

காரில் இசைத்தட்டு ஓடியது உண்மையா?

உண்மை. 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே இழுத்துத் திறக்கும் பிளேயர் கிடைத்தது. நீண்டநேர இசைத்தட்டை உருவாக்கிய பீட்டர் கோல்ட்மார்க்கின் படைப்பு. நிமிடத்துக்கு 16⅔ சுற்று, ஏழு அங்குலத் தட்டு. ஊசி துள்ளாமலிருக்க அதன் முள்கையை அழுத்தத்தோடு வைத்தார்கள். அந்தத் தட்டுகள் வீட்டு பிளேயர்களில் ஓடாது, வீட்டிலிருக்கும் தட்டுகள் இதில் ஓடாது. சில ஆண்டுகளில் மறைந்தது. வியப்பில்லை.

8-டிராக் எப்படி வேலை செய்தது? அதற்கு ஏன் ரீவைண்ட் இல்லை?

லியர் மீண்டும் வருகிறார். ஏர்ல் மன்ட்ஸ் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் காருக்கென 4-டிராக் நாடாப் பெட்டியை விற்றுக்கொண்டிருந்தார். அதை மேம்படுத்தி லியர் உருவாக்கியதே 8-டிராக். ஃபோர்டு நிறுவனம் 1966 மாடல் கார்களில் அதைத் தந்தது.

பெட்டிக்குள் ஒரே ஒரு சுருள். நாடாவின் முடிவும் தொடக்கமும் ஒட்டப்பட்டு முடிவில்லா வளையமாக இருக்கும். சுருளின் நடுவிலிருந்து நாடா உருவப்பட்டு, ஒலியைப் படிக்கும் தலைமுனையைக் கடந்து, சுருளின் வெளிப்புறத்தில் வந்து சுற்றிக்கொள்ளும். நடுவிலிருந்து உருவும்போது ஒவ்வொரு சுற்றும் பக்கத்துச் சுற்றோடு உரசி வழுக்க வேண்டும். அதற்காக நாடாவின் முதுகில் கிராபைட் பூசியிருந்தார்கள். வெளியிலிருந்து உருவி நடுவில் திணிக்க வழியே கிடையாது. ரீவைண்ட் இல்லாததற்கு இதுவே காரணம்.

கால் அங்குல அகல நாடாவில் எட்டுத் தடங்கள். ஒரு நேரத்தில் இடம், வலம் என இரண்டு. நாடா ஒட்டிய இடத்தில் உலோகப் படலம் ஒன்று இருக்கும். அது தொடுமுனைகளைக் கடந்ததும் மின்சாரம் பாய்ந்து சோலனாய்டு என்ற மின்காந்தம் 'டக்' என்று தலைமுனையை அடுத்த ஜோடித் தடங்களுக்கு இறக்கும். நான்கு பகுதிகளும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும் என்பதால் சில பாட்டுகள் நடுவிலேயே மங்கி, 'டக்' ஒலித்து, மறுபடி எழும். பாட்டை நேசிப்பவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

பழைய பெட்டி கையில் கிடைத்தால் அப்படியே செருகாதீர்கள். நாடாவைத் தலைமுனையோடு அழுத்தும் பஞ்சு பொடியாகியிருக்கும், ஒட்டிய படலம் விட்டிருக்கும். இரண்டையும் புதுப்பிக்காமல் போட்டால் நாடா உள்ளே ஓடிச் சுருண்டுவிடும்.

கேசட் ஏன் வென்றது?

சிறியது, ரீவைண்ட் உண்டு, வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம். பிலிப்ஸ் 1963-இல் அறிமுகம் செய்தபோது அதன் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே ஓடியது, 8-டிராக்கின் வேகத்தில் பாதி. தரமும் அதற்கேற்பத் தொடக்கத்தில் மந்தம். நாடாவின் பூச்சும் டால்பி இரைச்சல் குறைப்பும் மேம்பட்டபின் கேசட்டை யாராலும் தடுக்க முடியவில்லை.

ஒரே ஸ்பீக்கர், அதுவும் கண்ணாடியைப் பார்த்து. ஏன்?

டாஷ்போர்டில் கிடைத்த இடம் அதுதான். மேல்நோக்கிப் பாடிய ஒலி முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்து வண்டிக்குள் பரவும். நீள்வட்ட ஸ்பீக்கர் வந்ததும் இடநெருக்கடியால்தான்: வட்டத்துக்கு இடமில்லாத பள்ளத்திலும் அது பொருந்தும்.

எனக்கு ஒரு பழைய கார் ரேடியோ கிடைத்திருக்கிறது. பேட்டரியில் மாட்டிப் பார்க்கலாமா?

மாட்டுவதற்கு முன் மூன்று செய்திகளைப் பாருங்கள். முதலாவது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது. இரண்டாவது, வண்டியின் உடலில் இணைய வேண்டியது நேர்முனையா எதிர்முனையா. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். வால்வு ரேடியோக்களில் சில மாற்றி மாட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ரேடியோ ஒரு நொடிகூடத் தாங்காது. சில பெட்டிகளின் பின்புறம் முனை மாற்றும் செருகி இருக்கும், அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, ஸ்பீக்கர். ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் போடாதீர்கள், கடைசிக் கட்டப் பாகங்கள் போய்விடும்.

பிறகு சரியான பியூஸோடு இணையுங்கள். வால்வு ரேடியோ 6 வோல்ட்டில் ஆறேழு ஆம்பியர் இழுக்கும். பியூஸுக்குப் பதிலாக வெறும் கம்பியைச் சுற்றினால் வண்டிக்கே தீ வைத்துவிடும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது என்பதும், அணைத்த பிறகும் கண்டன்சர்களில் அது தங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

போட்டதும் ரீங்காரம் எழவில்லை என்றால் பதற வேண்டாம். நெடுநாள் கிடந்த டங்ஸ்டன் தொடுமுனைகளில் மின்சாரம் கடக்காத மெல்லிய படலம் படிந்திருக்கும். உருளையைத் திறந்து, மிக நுண்ணிய உப்புத்தாள் துண்டை முனைகளுக்கு இடையே வைத்து ஓரிரு முறை இழுங்கள். பிறகு சுத்தமான வெள்ளைத் தாளை ஒருமுறை.

உள்ளிருப்பதை எடுத்துவிட்டு ப்ளூடூத் பலகையை வைத்துவிடலாமா?

உங்கள் ரேடியோ, உங்கள் விருப்பம். என்னிடம் கேட்டால், உள்ளே எதையும் பிடுங்காதீர்கள் என்பேன். அசல் சுற்றை அப்படியே விட்டு, ஒலி அளவுக் குமிழிக்கு முன்னால் ஒரு துணை இணைப்பை மட்டும் சேர்க்கலாம். பின்னாளில் ஒருவர் அதைச் சுவடே இல்லாமல் கழற்றிவிட முடியும். அப்படிச் செய்தால் பொத்தான்களும், இரும்புத் தண்டுகளும், மூன்று சுருள்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். வேண்டும்போது ஆண்டெனாவை மாட்டி, இரவில் மத்திய அலையைத் திருப்பிப் பாருங்கள். பகலில் எட்டாத நிலையங்கள், வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து அந்த ஒற்றை ஸ்பீக்கரில் மெல்ல எழும். கொஞ்சம் தேயும், மறுபடி எழும்.